நூற்கட்டுக்குப் போன புதினம்

இதை எழுதி வைக்க வேண்டிய தேவை எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். நூலகப் பணிக்கு அண்மையில் வந்த இளையோர் சிலர் அவ்வப்போது என்னைக் காண வருவதுண்டு. பேச்சு எங்குத் தொடங்கினாலும் ஒரே வினாவில் வந்து நிற்கிறது. பலரும் விரும்பிப் படிக்கும் எழுத்தாளர் ஒருவர் மேடையிலோ நேர்காணலிலோ பிறர் மனம் புண்படும் கருத்தொன்றைச் சொல்லிவிடுகிறார். மறுநாளே அவர் நூல்களை எடுத்துவிடுங்கள் என்று சிலரும், அவற்றில் கை வைக்காதீர்கள் என்று சிலரும் நூலகத்துக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது நாங்கள் என்ன செய்வது? அக்கருத்தை ஏற்காத ஒருவர் அவர் நூலை இன்புற்றுப் படிக்கலாமா, கூடாதா?

பயிற்சி வகுப்புகளில் இதற்கு விடையில்லை. சுற்றறிக்கைகளிலும் இல்லை. எல்லார்க்கும் பொருந்தும் விடை என்னிடமும் இல்லை. ஆயினும் நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் என் நூலகத்தில் இத்தகைய எழுத்தாளர் ஒருவரின் நூலையொட்டி நடந்த ஒன்றுண்டு. அதனை வாய்ச்சொல்லாகப் பலமுறை கூறியிருக்கிறேன். கேட்டவர்களில் ஒருவர், நான் அவ்வெழுத்தாளரைக் காப்பாற்றியதாகப் பிறரிடம் சொல்லி வருகிறார். மற்றொருவர், நான் அவர் நூலைப் பூட்டி வைத்ததாகச் சொல்லி வருகிறார். இரண்டும் உண்மையல்ல. ஆகவே எழுதுகிறேன்.

அதற்குமுன் ஒரு சிறு செய்தி. நான் பணிக்கு வந்த புதிதில் எனக்கு மேலிருந்த நூலகர் கண்டிப்பானவர். தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர், ஆதலால் குறிக்கவில்லை. அக்காலத்தில் வாசகர் கேட்ட நூலைக் கொடுக்க விருப்பமில்லையெனினும், தேடிப் பார்க்கச் சோம்பலாயிருப்பினும் எங்களிடம் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது. ‘பைண்டிங்குக்குப் போயிருக்கு’ என்போம். கிழிந்த நூல்களை நூற்கட்டுக்கு அனுப்புவது நூலகத்தின் இயல்பான வேலை. போன நூல் எப்போது திரும்பும் என்பது அனுப்பியவருக்கே தெரியாது. எனவே அவ்விடையை எவரும் மறுத்துப் பேச இயலாது. ஒருநாள் என் உடன் பணியாளர் ஒருவர் அப்படிச் சொல்லி ஒரு வாசகரைத் திருப்பியனுப்பியதை அந்நூலகர் கேட்டுவிட்டார். வாசகர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து எங்கள் இருவரையும் அழைத்தார்.

“குடுக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. அந்தாளு சண்டை போடுவாரு, மேல எழுதிப் போடுவாரு. அது அவரு உரிமை. பைண்டிங்னு சொல்லிட்டா அவரு யார்கிட்டய்யா சண்டை போடுவாரு?”

தம் இருக்கைக்குப் போய்விட்டார்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூரின் கிளை நூலகம் எனது கடைசிப் பணியிடம். அப்பக்கம் வானம் பார்த்த நிலமும் பாறையும் மிகுதி. உழவுத் தொழில் செய்வோர்க்கு அடுத்தபடியாகக் கல்லுடைத்துப் பிழைத்த குடும்பங்களே அங்கு அதிகம். அவர்களுடைய மக்கள் இன்று செவிலியராகவும் ஓட்டுநராகவும் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். வளைகுடாவுக்குப் போனவர்களும் உண்டு.

எங்கள் நூலகத்தில் மிகுதியாக இரவல் போன நூல்களுள் ஒரு புதினம் இருந்தது. அதன் ஆசிரியர் முதியவர், பெரும் புகழ் பெற்றவர். கல்லுடைக்கும் பெண்ணொருத்தியின் வாழ்க்கை அக்கதை. அவள் பெயர் பேச்சி. வெடிவிபத்தில் கணவனை இழந்தபின், குவாரி முதலாளி அவளைக் குடிசையைக் காலி செய்யச் சொல்கிறான். அவள் போனாளா இருந்தாளா என்பதே கதையின் முடிச்சு. உரையாடல் முழுவதும் எங்கள் வட்டாரப் பேச்சிலேயே அமைந்திருக்கும். இப்புறத்தை இங்கிட்டு என்றும், அப்புறத்தை அங்கிட்டு என்றும் எங்கள் மக்கள் சொல்வார்கள். அச்சொற்கள் அந்நூலில் வராத பக்கம் இராது.

அந்நூலை அடிக்கடி எடுத்தவர்களுள் வசந்தா என்பவர் ஒருவர். அரசு மருத்துவமனையில் செவிலியர். கல்லுடைத்த குடும்பத்தின் முதல் பட்டதாரி. செவிலியர் கல்லூரி விடுதியில் முதன்முதல் அந்நூலைப் படித்தபோது, தம் வீட்டுப் பேச்சை அச்சில் கண்டு, யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று நூலை மூடி வைத்துவிட்டு, பிறகு எல்லாரும் வகுப்புக்குப் போனபின் மீண்டும் எடுத்துப் படித்ததாக என்னிடம் கூறியிருக்கிறார். நான் குறிப்பிடும் காலத்தில் அவர் தம் தாயார் காளியம்மாளுக்கு அதனைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காளியம்மாள் இளமை முதல் சல்லி உடைத்தவர், எழுத்தறியாதவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். காலைப் பணி முடிந்து வந்த மகள் மாலைதோறும் ஓர் அத்தியாயம் படிப்பார். சண்டை வரும் இடங்களைத் தாயார் திரும்பப் படிக்கச் சொல்வாராம். பேச்சி முதலாளியைத் திட்டும் வசவுகள் போதாவென்று தம் கணக்கில் சிலவற்றைச் சேர்த்துக்கொள்வாராம். வசந்தா இவற்றையெல்லாம் நூலின் இரவல் நாளைப் புதுப்பிக்க வரும்போது சொல்லிச் சிரிப்பார்.

அவ்வாண்டு நூலக வார விழாவில் அப்புதினத்தைப் பற்றிப் பேச வாசகர் வட்டம் வசந்தாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவருக்கு அது முதல் மேடை.

விழாவுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் ஒரு காணொளி எல்லார் அலைபேசிக்கும் வந்தது. எங்கோ ஒரு பாராட்டு விழாவில் அவ்வெழுத்தாளர் பேசுகிறார். மொழி சிதைவதைப் பற்றி வருந்திப் பேசத் தொடங்குகிறார். நான் செந்தமிழில் பற்றுடையவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே உரையின் முற்பகுதிக்குத் தலையசைத்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்து வந்த சொற்களில் தலை நின்றுவிட்டது. இங்கிட்டு அங்கிட்டு என்று பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்களெல்லாம் இன்று பேனா பிடித்துவிட்டார்கள் என்றார். கல்லுடைக்கிறவர் பிள்ளை கல்லை உடைக்கட்டும், மொழியை ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்டார். அவையில் சிலர் கைதட்டினார்கள். மறுநாள் செய்தியாளர் கேட்டபோதும் சொன்னது சொன்னதே என்றார். வாய் தவறி வந்த சொல் என்று கொள்வதற்கு அவரே இடம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று வாசகர் வட்டம் கூடியது. அதன் செயலர் மாணிக்கம் உரக்கடை வைத்திருப்பவர். அவ்வெழுத்தாளரின் நூல்கள் அனைத்தையும் தம் கைப்பொருளில் வாங்கிச் சேர்த்தவர். அவருடைய சினம் பெரிதாயிருந்ததற்கு அதுவே காரணம். நூல்கள் அனைத்தையும் அடுக்கிலிருந்து நீக்க வேண்டும், இல்லையேல் விழாவில் வட்டம் கலந்துகொள்ளாது என்றார். தம்மிடமிருந்தவற்றைப் பழைய தாள் கடையில் போட்டுவிட்டதையும் சொன்னார். வேறு சிலர், எழுத்து வேறு, எழுதியவர் வேறு என்றார்கள். அதைச் சொன்னவர்களுள் கல்லுடைக்கும் வீட்டினர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனித்தேன். நீக்கச் சொன்னவர்களுள்ளும் ஒருவரும் இல்லை.

“நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க சார். நாளைக்கு நம்ம வசந்தா மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்று மாணிக்கம் கேட்டார்.

அன்று வசந்தா வரவில்லை. பணிநேரம் மாறியிருந்தது. அவரைக் கேட்டுவிட்டுப் பேசலாமே என்று எவருக்கும் தோன்றவில்லை. முடிவை நான் தள்ளிவைத்தேன்.

மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் அழைத்தார். செய்தி அவர்வரை போயிருந்தது. நூல்களை நீக்கவும் வேண்டா, வெளியே கொடுக்கவும் வேண்டா, சிலகாலம் உள்ளேயே படிக்கத்தக்க குறிப்புதவிப் பிரிவில் வைத்துவிட்டால் இருசாராரும் அடங்கிவிடுவார்கள் என்றார். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்து படிப்பதென்றால் ஊரார் கண்முன்னே படிப்பது. அந்நூலை இன்னும் விரும்புகிறவரும் சரி, அதில் என்ன குற்றம் இருந்ததென்று தேடிப் பார்க்க விரும்புகிறவரும் சரி, அந்த மேசையில் எப்படி உட்காருவார்? கட்டிலில் கிடக்கும் காளியம்மாள் எப்படி வருவார்? நான் எழுத்து வடிவில் ஆணை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன்.

“எழுத்துல எல்லாம் எதுக்குங்க, பாத்துச் செஞ்சுக்குங்க” என்று அவர் அழைப்பை முடித்துக்கொண்டார். ஆணை வரவில்லை. வாராத ஆணைக்குக் கீழ்ப்படியும் வழக்கம் எனக்கில்லை.

இவ்வளவில் நான் நிலைமையைக் கையாண்டுவிட்டதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. என் உதவியாளர் செல்வராசு நல்லவர், பிறர் வருந்தப் பொறாதவர். மாணிக்கம் மீண்டும் வந்து கூச்சலிட்டால் என்ன செய்வது, வசந்தா அடுக்கில் அப்பெயரைக் கண்டால் எவ்வளவு வருந்துவார் என்றெல்லாம் தாமாகவே எண்ணி, அவ்வெழுத்தாளரின் நூல்களையெல்லாம் எடுத்துக் கிழிந்த நூல்களோடு சேர்த்துச் சணலால் கட்டி, அத்தகைய கட்டுகள் வழக்கமாகக் கிடக்கும் என் மேசைக்கடியில் தள்ளிவிட்டார். நான் வெளியே போயிருந்த ஒரு மாலையில் வசந்தா நூலைப் புதுப்பிக்க வந்திருக்கிறார். செல்வராசு அதனை வாங்கி வைத்துக்கொண்டு, புதுப்பிக்க இயலாது, பைண்டிங்குக்குப் போகிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

வசந்தா திரும்பிப் போய்விட்டார். சில நாள் கழித்து மீண்டும் வந்தார். அப்போது நான் இருந்தேன். விழாச் செய்தி கேட்க வந்த மாணிக்கமும் இருந்தார். வசந்தா என் மேசைக்கு முன் நின்றவர், குனிந்து கீழே பார்த்தார். சணற்கட்டின் ஓரத்தில் அந்நூலின் முதுகு தெரிந்தது.

“பைண்டிங்குக்குப் போன புஸ்தகம் இன்னும் பஸ் ஏறலையா சார்?”

செல்வராசு எழுந்து நின்றார். உனக்காகத்தாம்மா எடுத்து வைத்தேன் என்று தொடங்கினார். மாணிக்கமும் தம் பங்குக்கு, அந்த ஆள் பேசியதை அவர் பார்க்கவில்லையா என்று வினவினார். வசந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாக்காம என்னண்ணே. ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எனக்கு அனுப்பியிருக்கீங்க. வார்டுல ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன், அப்பவும் ஒருத்தர் அனுப்புறாரு. அனுப்புன எல்லாரும் கோவமா மூஞ்சி பொம்மை போட்டுருக்கீங்க. எனக்காகத்தான் கோவப்படுறீங்க, தெரியுது. ஆனா ஒருத்தராவது ஒனக்கு எப்படிம்மா இருக்குனு கேட்டீங்களா?”

மாணிக்கம் தம் அலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “சரி, எப்படி இருக்கு?” என்றார்.

“தெரியலண்ணே. அதத் தெரிஞ்சுக்குறதுக்குத்தான் புஸ்தகம் வேணும்.”

இத்தகைய நேரங்களில் நூலகர் ஏதேனும் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் எழும். கலையைப் பற்றி, மன்னிப்பைப் பற்றி, காலத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம். நான் கத்தரிக்கோலை எடுத்துச் சணலை அறுத்தேன். நூல்களை அடுக்கில் வைக்குமாறு செல்வராசுவிடம் சொன்னேன். மாணிக்கத்தை நோக்கி, நூல்களை நான் நீக்கப் போவதில்லை, இதனை எதிர்த்து மேலிடத்துக்கு எழுத விரும்பினால் என் பெயரைக் குறித்தே எழுதலாம் என்றேன். அவர் முகம் சிவந்தது. இப்படி முகத்துக்கு நேரே சொல்வதைக் காட்டிலும் நூற்கட்டுப் பொய் எளிதாயிருந்திருக்கும். ஆயினும் அவருக்குச் சண்டையிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதற்குத்தான் நமக்கு அந்த நாற்காலி.

வசந்தா நூலைப் பெற்றுக்கொண்டு எழுந்தார். வாயில்வரை போய்த் திரும்பினார். தாயாருக்கு இன்னும் அச்செய்தி தெரியாது என்றும், கதை பாதியில் நிற்பதால் நாள்தோறும் ஏச்சு வாங்குவதாகவும் சொன்னார். இன்னும் இரண்டொரு அத்தியாயங்களே மிஞ்சியிருக்கின்றன, முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாமே என்று செல்வராசு கருத்துரைத்தார்.

“இல்லண்ணே. சொல்லாமப் படிச்சா நானும் ஆத்தாவைப் பைண்டிங்குக்கு அனுப்புன மாதிரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்ததை வசந்தா எனக்குப் பின்னர் விரிவாகக் கூறினார். அலைபேசியைத் தாயாரின் முகத்தருகே பிடித்து அக்காணொளியை ஓடவிட்டிருக்கிறார். காளியம்மாள் முதலில் அம்முகத்தைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார். இவரா பேச்சி கதையை எழுதியவர் என்று கேட்டு, சட்டை நன்றாகத்தான் போட்டிருக்கிறார் என்றாராம். பிறகு பேச்சைக் கேட்டார். கைதட்டல் வந்தபோது மறுபடி ஓடவிடச் சொன்னார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, கல்லுடைக்கிறவர் பிள்ளை என்று அவர் சொன்னது உன்னையா என்று மகளைக் கேட்டார். என்னையும்தான் என்றார் மகள்.

“மூடு அதை.”

வசந்தா அலைபேசியை அணைத்தார்.

“அதில்லடி. பொஸ்தகத்த.”

இன்னும் கொஞ்சந்தான் இருக்கிறது, பேச்சி என்ன ஆனாள் என்று தெரிய வேண்டாவா என மகள் கேட்டிருக்கிறார். நூலை வேண்டியும் வேண்டாமலும் இத்தனை நாள் தவித்தவர் அவர்தாம். முடிவு தம் கையை விட்டுத் தாயாரிடம் போய்விட்டது அவருக்கு ஒருபுறம் ஆறுதலாகவும் ஒருபுறம் ஏமாற்றமாகவும் இருந்ததாம். காளியம்மாள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று எண்ணி வசந்தா அடுப்படிக்குப் போகும்போது குரல் வந்தது.

“அவ எங்கயும் போயிருக்க மாட்டா.”

“யாரு?”

“பேச்சிதான். கேளு. அவன் காலி பண்ணச் சொன்னான்ல? இவ பண்ணிருவா. கூரையப் பிரிச்சு, கம்பு, கீத்து, அடுப்புக்கல்லு மொதக்கொண்டு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அங்கிட்டுப் போயி, அவன் கேட்டுக்கு நேரா போட்டுருவா. அங்கிட்டு அவன் எடம் இல்லைல? காலையில அவன் காரு வெளிய வரும்போது இவ வாசல்ல நின்னு பல்லு வெளக்குவா. சாயங்காலம் உள்ள போகும்போது பாத்திரம் கழுவுவா. தெனமும் அவன் அதப் பாத்துக்கிட்டே சாகணும். இங்கிட்டு இருக்கக் கூடாதுன்னா அங்கிட்டு. போ, போயி ஒலைய வையி.”

வசந்தா அடுத்த நாளே நூலகத்துக்கு வந்தார். நூலை வீட்டில் வைத்துப் படிக்க மனம் வரவில்லை, இங்கேயே முடித்துவிடுகிறேன் என்றார். சன்னலோரம் உட்கார்ந்து மிஞ்சிய அத்தியாயங்களைப் படித்தார். அந்நூலில் பேச்சி பிள்ளைகளோடு பேருந்தேறிப் போய்விடுகிறாள். மழை பெய்கிறது. பாறைகள் நனைந்து கறுத்து ஒவ்வொன்றாகப் பின்னே போவதை அவள் பார்த்துக்கொண்டே போகிறாள். அப்பகுதியின் நடை மிக அருமையானது. பலர் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். வசந்தா நூலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

எப்படியிருந்தது என்று கேட்டேன். இந்த முறை கேட்க மறக்கவில்லை.

“நல்லா எழுதியிருக்காரு சார். அதான் கோவமா வருது.”

இளையோரே, உங்கள் வினாவுக்கு இதைவிட நேர்மையான விடையை நான் கேட்டதில்லை. நல்ல எழுத்து என்பதை அவர் மறைக்கவில்லை. சினத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்விரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டுதான் பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். அத்தாயும் மகளும் ஒரே வீட்டில் வேறு வேறு முடிவெடுத்தார்கள். ஒருவர் மூடினார், ஒருவர் முடித்தார். சணற்கட்டு மேசைக்கடியிலேயே கிடந்திருந்தால் இருவர்க்கும் அவ்வாய்ப்பு இருந்திராது. காளியம்மாளின் மறுப்பு அவருடையதாக இருந்ததற்குக் காரணம், அந்நூல் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததுதான்.

விழா வந்தது. வசந்தா பேசப் போகிறார் என்பதால் வட்டம் கலந்துகொண்டது, மாணிக்கம் மட்டும் முன்வரிசையில் அமராமல் பின்னால் நின்றார். வசந்தா அவ்வெழுத்தாளர் பேசியதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார். அப்புதினம் தம்மை என்ன செய்தது என்பதையும் சொன்னார். நூலின் முடிவைச் சொல்லவில்லை. அது அடுக்கில் இருக்கிறது என்றார். அதற்கு மாறாகத் தம் தாயார் சொன்ன முடிவைத் தாயாரின் பேச்சிலேயே சொன்னார். வாசலில் நின்று பல் விளக்கும் இடத்தில் அவை முழுவதும் சிரித்தது. மாணிக்கம் சிரித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அடுத்த வாரம் அவர் என் மேசைக்கு வந்து, உர விலையைப் பற்றிச் சற்று நேரம் பேசினார். பிறகு, “கடைசி அத்தியாயத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டுத் தந்துர்றேன் சார். நம்மகிட்ட இருந்ததத்தான் கடையில போட்டுட்டனே” என்றார். அத்தியாயம் மட்டும் கொடுக்கும் வழக்கம் நூலகத்தில் இல்லை, முழு நூலாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

நான் என்ன செய்தேன் என்றும் கேட்பீர்கள். நானும் அந்நூலைத் திரும்பப் படித்தேன். மழையில் நனையும் பாறைகள் எனக்கு இன்றும் இன்பம் தருகின்றன. ஆனால் முன்னர்க் காணாத ஒன்றை இம்முறை கண்டேன். அப்புதினத்தில் கல்லுடைப்போர் நன்றாகப் பேசுகிறார்கள். சண்டையிடுகிறார்கள், அழுகிறார்கள், கேலி செய்கிறார்கள். ஆயின் எவரேனும் எதையேனும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் வந்தால், அங்கு வட்டாரப் பேச்சு நின்று ஆசிரியரின் செவ்விய நடை தொடங்கிவிடுகிறது. பேச்சை அவர்களுக்குக் கொடுத்த அவர், சிந்தனையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். மேடையில் சொன்னது அன்று திடீரென முளைத்ததன்று, நூலிலேயே இருந்திருக்கிறது. அச்செந்நடையைப் பாராட்டிப் பாராட்டியே நான் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன். இவ்வாறு படிப்பதற்கு இன்பம் சற்றுக் குறைவுதான். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது. உங்களுக்குப் போதாமலிருக்கலாம், காளியம்மாளுக்குப் போதவில்லை.

அவரை நான் நேரில் கண்டது ஒருமுறைதான். ஓய்வு பெற்றபின் வசந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். நான் யாரென்று மகள் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தப் பொஸ்தகம் இன்னும் அங்கனதான் இருக்கா?”

“இருக்கிறது, அம்மா.”

“நாங் கேக்க மாட்டேன். ஆனா இருக்கட்டும். போறவ வாறவ படிச்சுப்புட்டு, நல்லா நாலு வசவு வஞ்சுட்டுப் போகட்டும்” என்று சொல்லி, எனக்குக் காப்பி போடுமாறு மகளை ஏவினார்.

எழுத வேண்டியது இவ்வளவே. இதில் வரும் நிகழ்ச்சிகளின் முன்பின் முறையில் என் நினைவு தவறியிருக்கக் கூடும். உடனிருந்தோர் சுட்டிக்காட்டினால் ஏற்பேன். அதனினும் முதன்மையான வேண்டுகோள் ஒன்றுண்டு. காளியம்மாள் சொன்னவற்றுள் பெரும்பகுதியை நான் வசந்தா சொல்லக் கேட்டே எழுதினேன். என் கை செந்தமிழுக்குப் பழகிய கை. முதற்படியில், ரோட்டுக்கு அங்கிட்டு என்று அவர் சொன்னதைச் சாலைக்கு அப்பால் என்று எழுதி வைத்திருந்தேன். வசந்தா படித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்திக் கொடுத்தார். அவர் கண்ணுக்குத் தப்பியவை இன்னும் இருக்கும். அப்பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாயின், நான் எங்கெங்குப் பிழைபட எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் தயங்காது திருத்துங்கள்.